பழைய காருக்குப் புதிய ஒலி: கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1960களில் தயாரான கார். டேஷ்போர்டு நடுவில் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் கரகரக்கிறது. நான்கு ஸ்பீக்கர், ‘1,000 வாட்’ ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) எல்லாம் சேர்ந்த செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? காரில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது பழைய வகை டைனமோதான், புதிய வகையான ஆல்டர்னேட்டர் இல்லை.

பதில்: அந்த செட் வேண்டாம். அந்தக் காலத்து டைனமோக்களில் பரவலாக இருந்தவை நல்ல வேகத்தில் ஓடும்போதே 22 ஆம்பியர்தான் கொடுக்கும். ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. ஹெட்லைட்டும் பின் விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். இக்னிஷனுக்கும் வைப்பருக்கும் இன்னொரு 6, 7. மிச்சம் என்ன இருக்கிறது? இரவில் நெரிசலில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனால் அத்தனையும் பேட்டரியிலிருந்து போகும். மறுநாள் காலை செல்ஃப் சுற்றாது.

‘1,000 வாட்’ என்பதை நம்பலாமா என்று கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். ஆம்ப்ளிஃபையரில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 20 × 13.8 = 276 வாட். கிளாஸ் ஏபி வகையில் அதில் பாதி வெப்பமாகப் போய்விடும், கிளாஸ் டி வகையில் ஐந்தில் ஒரு பங்கு போகும். வெளியே ஆயிரம் எப்படி வரும்? ‘ஆர்எம்எஸ்’ (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். ‘4 × 50’ என்று அட்டையில் அச்சிட்ட சாதாரண கார் ஸ்டீரியோவும் 4 ஓம் ஸ்பீக்கரில் சுத்தமாகத் தருவது சேனலுக்கு 20 வாட் அளவுதான்.

பழைய காருக்கு வாட்டைவிட ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டிதான் (குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று டெசிபலில் சொல்லும் அளவு) முக்கியம். 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி மின்சாரம் போதும். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் தேவைப்படும் இடத்தில் 94 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் போதும். ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலர் 1 வாட்டில் அளக்கிறார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளக்கிறார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட். அதாவது எண் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும்.

முன்னால் இரண்டு நல்ல ஸ்பீக்கர், சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் ஒன்று (சேனலுக்கு 40 வாட் ஆர்எம்எஸ் போதும்) என்று தொடங்குங்கள். சப்வூஃபர் ஆசையிருந்தால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள்.

கேள்வி: கதவில் ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. தகட்டை வெட்டலாமா?

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். பாட்டு செட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெட்டிய தகடு பழையபடி வராது, வெட்டிய விளிம்பில்தான் முதலில் துரு ஏறும். முன் இருக்கைக்காரரின் கால் பக்கச் சுவரில், ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூ துளைகளிலேயே பொருந்தும் கிக் பேனல் பெட்டிகள் பல மாடல்களுக்குத் தயாராகக் கிடைக்கின்றன. பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் தட்டில் (பார்சல் ஷெல்ஃப்) 6×9 அங்குல ஸ்பீக்கர் வைக்கலாம். பழைய அட்டையிலேயே பொருத்தினால் அதுவும் சேர்ந்து அதிரும். அதன் அளவுக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட் வெட்டி, அதில் துளை போடுங்கள். பழைய அட்டையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பாஸ் வரவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். விளிம்பைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டி, முன்பக்கமும் பின்பக்கமும் காற்று கலக்காமல் அடையுங்கள். விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது.

இரண்டாவது சந்தேகம் பொலாரிட்டி, அதாவது பிளஸ்ஸும் மைனஸும் சரியாக மாட்டியிருக்கிறதா என்பது. 1.5 வோல்ட் பேட்டரி செல்லை, ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயர் முனையில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே துள்ளும். ஒரு பக்கம் வெளியேயும் மறுபக்கம் உள்ளேயும் போனால் ஒன்றின் வயரைத் திருப்பிப் போடுங்கள். பாஸ் உடனே திரும்பிவிடும்.

கதவில் ஏற்கெனவே இடமுள்ள கார் என்றால், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஆழத்தை அளந்த பிறகே ஸ்பீக்கர் வாங்குங்கள். அதிர்வைத் தணிக்கும் 2 மி.மீ. பியூட்டில் ஷீட் தகட்டில் கால் பங்கிலிருந்து பாதிவரை ஒட்டினால் போதும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: என் காரில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கிறது). புதிய ஸ்டீரியோ வைக்க முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. புதிய ஸ்டீரியோவின் உலோக உறையும் ஆன்டெனா வயரின் வெளிச்சுற்றும் நெகட்டிவ். உறையை டேப் சுற்றித் தப்பித்தாலும், ஆன்டெனாவை பாடியில் மாட்டியதும் ஷார்ட் ஆகும். இதற்கு வழி இரண்டு. உள்ளீடும் வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்த, ‘ஐசொலேட்டட்’ வகை டிசி-டிசி கன்வெர்ட்டர் போடலாம்; அப்போது உறையும் ஆன்டெனாவும் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது.

அல்லது காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாம். பேட்டரி வயர்களை இடம் மாற்ற வேண்டும் (பிளஸ் முனை சற்றுத் தடிமன் என்பதால் கிளாம்ப்பையும் மாற்ற வேண்டியிருக்கும்). இக்னிஷன் காயிலின் இரு சிறு வயர்களையும் அம்மீட்டர் வயர்களையும் திருப்பிப் போட வேண்டும். பிறகு டைனமோவின் ‘எஃப்’ முனையில் இருக்கும் வயரைக் கழற்றி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட வேண்டும். இதை மறந்தால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் செய்யும். எலெக்ட்ரானிக் டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) இருந்தால் அதற்குத் தனி வேலை உண்டு; மின்சாரம் கொடுக்கும் முன் கழற்றி வையுங்கள்.

கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ஙீ’ என்ற சத்தம் ஏறுகிறது. நண்பர் காரில் ‘டக் டக்’ என்று கேட்கிறது.

பதில்: இரண்டும் வேறு நோய். ‘ஙீ’ சார்ஜிங்கிலிருந்து, பெரும்பாலும் மோசமான எர்த் வழியாக வருகிறது. ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர் இரண்டின் எர்த்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் போல்ட் போட்டு முடுக்குங்கள். பவர் வயரையும் சிக்னல் வயரையும் காரின் வெவ்வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள். ‘டக் டக்’ இக்னிஷனிலிருந்து வருவது. ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் செம்பு ஹெச்டி வயருக்குப் பதில் கார்பன் வகை, ரெசிஸ்டர் பிளக், நெகட்டிவ் எர்த் காரில் காயிலின் பிளஸ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர் (இரைச்சலை அடக்கும் கெபாசிட்டர்) போடுங்கள். காயிலில் கான்டாக்ட் பாயின்ட் பக்கத்து முனையில் அதைப் போட்டால் ஸ்பார்க் கெடும்.

கேள்வி: பழைய ரேடியோவையே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றலாமா?

பதில்: முதலில் ரேடியோவின் அடியில் எழுதியிருக்கும் ஓம் அளவைப் படியுங்கள். 8 அல்லது 10 ஓமுக்குச் செய்த ரேடியோவில் இன்றைய 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடாகிக் கருகும். முகப்பை அப்படியே விட்டு, கையுறைப் பெட்டிக்குள் ப்ளூடூத் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை மறைத்து வைப்பது அழகான வழி. ஆனால் பழைய ஸ்பீக்கர் வயரை அதில் இணைக்காதீர்கள். பழைய கார்களில் ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியிலேயே எர்த் செய்திருப்பார்கள். புதிய ஆம்ப்ளிஃபையரின் எந்த ஸ்பீக்கர் வயரும் பாடியில் படக் கூடாது, பட்டால் உள்ளே இருக்கும் ஐசி (சிப்) போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரண்டு வயர் இழுங்கள்.

கேள்வி: வயர், ஃபியூஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதை விட்டுவிடுங்கள். அலுமினியம் அதே தடிமனில் குறைவான மின்சாரத்தைத்தான் தாங்கும். 50 ஆம்பியர்வரை 8 கேஜ், அதாவது சுமார் 8 சதுர மி.மீ. செம்பு போதும். ஃபியூஸை பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் போடுங்கள், ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இல்லை. வயர் வழியில் எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால், அது தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஒன்றுதான். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (வயரைக் காக்கும் வளையம்) கட்டாயம்.

கார் வாரக்கணக்கில் நின்றே கிடக்கும் என்றால் பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். 50 மில்லிஆம்பியர் கசிந்தாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதி காலி.