பெயர் மறந்த ஈயிடம் தமிழ் படிக்கலாம்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. கதை என்றால் கண் கொட்டாமல் கேட்கிறாள். தமிழ் நோட்டை எடுத்தாலே அழுகைதான். கதையை வைத்தே தமிழ் சொல்லிக்கொடுக்க முடியுமா? எந்தக் கதையில் தொடங்குவது?

பதில்: தாராளமாக முடியும். ராஜகுமாரி கதைகள் அப்புறம் வரட்டும், முதலில் பெயர் மறந்த ஈயைக் கூப்பிடுங்கள். வீடு மெழுகும்போது தன் பெயரை மறந்துபோன ஈ, எதிர்ப்படுகிற எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே போகும் கதை. உங்கள் பாட்டி சொன்னதில் சில பெயர்கள் மாறியிருந்தால் அப்படியே சொல்லுங்கள்.

'கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா...' ஒவ்வொருவரிடம் போகும்போதும் ஒரு வரி கூடும், பழையதை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். மூன்றாம் நாள் நீங்கள் 'இடையன் கை' என்று நிறுத்திப் பாருங்கள். 'கோலே!' என்று அவளே முடிப்பாள். கன்று கன்றே ஆவதும், இடையன் இடையா ஆவதும், குளம் குளமே ஆவதும் அவள் காதில் ஏறிவிட்டது. கூப்பிடும்போது சொல் இப்படி மாறுவதற்கு விளி வேற்றுமை என்ற பெயரெல்லாம் இப்போது வேண்டாம். 'புல்லைத் தின்னும் குதிரையே' என்பதில் வரும் 'த்' கூட, காதில் பதிந்தால் பிறகு எழுதும்போது கைகொடுக்கும்.

'கொளு கொளு' என்று சொன்னால் கதையை நிறுத்தித் திருத்தாதீர்கள். அடுத்த சுற்றில் நீங்கள் 'ழு'வைத் தெளிவாகச் சொன்னால் போதும். அந்த வரிதான் திரும்பத் திரும்ப வருகிறதே!

வாய்க்குப் பழகியதும் ஈயை உங்கள் சமையலறைக்குள் விடுங்கள். 'சட்டியில் கொதிக்கும் சாம்பாரே, சாம்பார் ஊற்றும் கரண்டியே, கரண்டி பிடிக்கும் அம்மா, என் பெயர் என்ன?' அடுத்த வரி அவளுடையது. வாக்கியம் கட்டும் பயிற்சி இதுதான்.

இனி எழுத்து. கடைசியில் குதிரை 'ஹி ஹி ஈ...' என்று கனைக்க, ஈக்குப் பெயர் ஞாபகம் வந்துவிடும். அந்த நொடியில் ஒரு தாளில் பெரிதாக 'ஈ' என்று எழுதிக் காட்டுங்கள். ஒரே எழுத்து, அதுவே முழுச் சொல்! நன்னூல் இப்படி 42 சொற்களைக் கணக்குச் சொல்கிறது. தீ, பூ, கை, பை, நீ, வா, தா எல்லாம் அதில் உண்டு. நாளைக்கு இரண்டு எழுதட்டும், போதும். ஒரு வாரத்தில் 'பூ தா' என்று சீட்டு எழுதி உங்களிடம் நீட்டுவாள். இரண்டே எழுத்தில் ஒரு வாக்கியம். கேட்டதை உடனே கொடுத்துவிடுங்கள். எழுதினால் கிடைக்கும் என்று தெரிந்த குழந்தைக்கு நோட்டு மேல் பயம் போய்விடும்.

கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேட்காதீர்கள். என்னிடம் படித்த ஒரு பையன், 'ஈயோட அம்மாவுக்குப் பேர் தெரியாதா?' என்று கேட்டான். அப்படி அவள் கேட்டால் அன்றைய பாடம் அந்தக் கேள்விதான்.

இரண்டு வாரம் இந்த ஒரே கதை. அப்புறம், மாமியார் வீட்டில் தின்ற கொழுக்கட்டையின் பெயரை வழியில் மறந்து 'அத்திரிபாச்சா' ஆக்கிய மாப்பிள்ளை கதைக்குப் போகலாம். பழைய கதையில் 'அத்திரிபாச்சா' செய்யத் தெரியாத மனைவியை அடிப்பான், அந்த வீக்கத்தைப் பார்த்துத்தான் கொழுக்கட்டை ஞாபகம் வரும். அது வேண்டாம். அவனே வாசற்படியில் இடித்துக்கொண்டு நெற்றி கொழுக்கட்டையாக வீங்கட்டும்.