முகமும் முதுகும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் கட்டுரைகளை மூன்று வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. வயது 36. கோவையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். பத்தொன்பது வயதில் ஒரு வாலிபர் முகாமில் தேவ பிரசன்னத்தை உணர்ந்தேன். இரண்டு மணி நேரம் அழுதேன். உடம்பே லேசாகி, யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. பிறகும் சில வருடம் அது அவ்வப்போது வந்தது. இப்போது ஆறேழு வருடமாக ஒன்றுமில்லை. ஆராதனையில் சுற்றிலும் எல்லாரும் கண்ணீர் விடும்போது நான் மட்டும் ஏசி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஜெபிக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம். பாஸ்டரிடம் சொன்னதற்கு, "ரகசிய பாவம் ஏதோ தடுக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்றார். ஆராய்ந்து ஆராய்ந்து தலைவலிதான் மிச்சம். வீட்டில் மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒன்றரை வருடமாகிறது. பேச்சு போய்விட்டது, பழைய பாட்டு மட்டும் எப்படியோ வருகிறது. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து பாத்ரூம் கூட்டிப்போக வேண்டும். அதில் ஜெப நேரமும் கெட்டுப்போகிறது. இன்னும் ஆழமாகப் போக நான் என்ன செய்ய வேண்டும்? சபை மாறிப் பார்க்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

சபை மாறுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். அழுகை வரவில்லை என்பதற்காக மாறாதீர்கள். புது இடத்தில் மூன்று மாதம் வரும், அப்புறம் அங்கேயும் ஏசி சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

இதை நான் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம். கல்லூரி முடித்து நாலைந்து வருடம் கூட்டங்களில் கீபோர்டு வாசித்தவன் நான். கடைசிப் பாட்டை எந்த வேகத்துக்கு இறக்க வேண்டும், பிரசங்கியார் கண்ணை மூடியதும் அடியில் 'பேட்' என்று நாங்கள் சொல்லும் அந்த நீண்ட பின்னணி ஒலியை எவ்வளவு மெதுவாக நுழைக்க வேண்டும், எந்த வரியில் ஸ்கேலை அரைச் சுதி ஏற்றினால் கைகள் உயரும் என்பதெல்லாம் விரலுக்குத் தெரியும். ஒருமுறை அப்படிப்பட்ட உச்சத்தில் கரண்ட் போய்விட்டது. "சாத்தான் தடுக்கிறான்" என்று மேடையில் ஒரு குரல். பந்தலுக்குப் பின்னால் இரண்டு பேர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு நிமிடம். அதற்குள் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெனரேட்டர் ஓடியதும் பிரசன்னமும் திரும்பி வந்தது.

இதை நான் நண்பர்களிடம் கிண்டலாகவே வெகுகாலம் சொல்லிவந்தேன். ஆனால் அதே ராத்திரியில் அதே பந்தலில் என்னோடு டிரம்ஸ் வாசித்த பையன் குடியை விட்டான். இருபத்தாறு வருடமாகிறது, இன்றுவரை தொடவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது? ஆகவே உங்கள் பத்தொன்பது வயது அழுகையைப் பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. வந்தது வந்ததுதான். அது தினமும் அதே உருவத்தில் வந்தாக வேண்டும் என்று யார் சொன்னது என்பதுதான் என் கேள்வி.

நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் 'சமுகம்' என்று ஒரு சொல் வரும். சிறுவயதில் நான் அதை 'சமூகம்' என்றே வாசித்து, கர்த்தருடைய சமூகம் என்றால் ஏதோ சாதிச் சங்கம் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது சம்முகம், நேருக்கு நேரான முகம். யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தில், "என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும்" என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது 'பானிம்', முகம் என்றே பொருள். அப்படியே சொன்னால் "என் முகம் போகும்". சரி, ஆறு வசனம் தள்ளிப் பாருங்கள். "நீ என் முகத்தைக் காணமாட்டாய்" என்கிறார். அங்கேயும் அதே சொல்தான். கூடவே வருகிற முகம், ஆனால் பார்க்கக் கிடைக்காத முகம். இரண்டையும் ஒரே அதிகாரத்தில் ஒரே ஆளிடம் சொல்லிவிடுகிறார்.

அடுத்து நடப்பதை நான் பல வருடம் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன். மோசேயைக் கன்மலையின் வெடிப்பிலே நிறுத்தி, தாம் கடந்துபோகும்வரை தம் கையால் மூடுவதாகச் சொல்கிறார். கடந்தபின் கையை எடுப்பார், மோசே பின்பக்கத்தைக் காண்பான். யோசித்துப் பாருங்கள். கர்த்தர் மிக அருகில் இருக்கும் அந்த நேரத்தில் மோசேக்கு என்ன தெரிந்திருக்கும்? மூக்குக்கு நேரே பாறை, மேலே மூடிய கை. இருட்டு. வெளிச்சம் வந்தபோது கண்டது முதுகை. ஆதியாகமத்தில் யாக்கோபும் தூங்கி எழுந்தபிறகுதான் "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்றான். ராத்திரி முழுக்க அவனுக்குத் தலையணை கல்தான்.

பிரசன்னத்தை உணர்வது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த முதுகைப் பார்ப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறேழு வருடமாக ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வறட்சியாக இருக்கலாம். வெடிப்புக்குள் நிற்பதாகவும் இருக்கலாம். உள்ளே நிற்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அன்னை தெரசா கல்கத்தா சேரிகளில் வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்து, இடையில் கொஞ்ச காலம் நீங்கலாக, சாகும்வரை உள்ளே இருட்டோடுதான் இருந்தார். 2007இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம். உங்கள் பாஸ்டரிடம் அவர் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

அந்த ரகசிய பாவப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. மனதை உறுத்தும் காரியம் ஒன்று பளிச்சென்று தெரிந்தால் அதைச் சரிசெய்யுங்கள். தெரியாததைத் தோண்டாதீர்கள். வேதாகமத்தில் காரணமில்லாமல் பாடுபட்ட யோபின் சிநேகிதர்களும் இதே வேலையைத்தான் பக்கம் பக்கமாகச் செய்தார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான். இன்னொன்று, ஜெபத்தில் மட்டுமா, சாப்பாடு, பிள்ளைகள், வேலை என்று எதிலுமே ருசி இல்லாமல் போய்விட்டதா? அப்படியென்றால் ஒரு டாக்டரைப் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

எங்கள் ஆச்சி தினமும் விடியற்காலை பனையோலைப் பாயில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிப்பாள். எழுத்துக்கூட்டித்தான், விரலை வைத்துக்கொண்டு. ஒரு வரி முடிந்தால் விரல் மறுபடி இடப்பக்கம் போகும், ஓலையில் ஒரு உரசல் கேட்கும். 119ஆம் சங்கீதம் வந்தால் எட்டு எட்டு வசனமாக இருபத்திரண்டு நாள். 150 முடிந்தால் மறுநாள் ஒன்று. வெளிச்சமே இல்லாமல் முடிகிற 88ஆம் சங்கீதத்தையும் அதே குரலில் வாசிப்பாள், அதற்காக ஒரு பெருமூச்சுகூட விடமாட்டாள். வாலிபர் கூட்டத்துச் சூட்டில் இருந்த நான் ஒருநாள் கேட்டேன், "ஜெபம் பண்ணும்போது ஒனக்கு என்ன தோணும் ஆச்சி?" புத்தகத்தை மூடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். "என்னத்தத் தோணும்? இடுப்பு வலிக்கும்" என்றாள்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் இன்னொருவரும் ஞாபகத்துக்கு வந்தார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து அடிபட்டவர், கால் ஊனம். மடத்தில் கிடைத்தது சமையலறை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே ஆகாது, ஆனாலும் பதினைந்து வருடம் அங்கேதான். ஜெபத்துக்கென்று ஒதுக்கிய நேரமும் பாத்திரம் உருளும் நேரமும் தனக்கு ஒன்றுதான் என்பார். சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும் கர்த்தர்மேல் உள்ள அன்புக்காகவே செய்வதாகச் சொல்லியிருக்கிறார். 1691இல் அவர் இறந்தபிறகு அவருடைய கடிதங்களும் பேச்சும் சின்னப் புத்தகமாக வந்து இன்றுவரை வாசிக்கப்படுகின்றன.

ஆம்லெட்டை எல்லாரும் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, முதல் பத்து வருடம் மிகவும் பாடுபட்டதாக அவரே எழுதியிருப்பதை. தான் நரகத்துக்குத்தான் போவோம் என்று நாலு வருடம் நம்பிக்கொண்டிருந்தவர் அவர். எனக்குப் பிடித்த இடம் வேறு. மடத்துக்கு ஒயின் வாங்கிவர அவரை பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, காலும் வராது. படகில் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போனாராம். இது உம்முடைய வேலை என்று கர்த்தரிடம் சொல்லிவிட்டு உருண்டிருக்கிறார். காரியமும் நன்றாகவே முடிந்தது.

சரி, உங்கள் ராத்திரிக்கு வருகிறேன். மாமியாரைப் பற்றி ஜெபத்துக்கு வந்த இடைஞ்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொன்றரைக்குப் படுத்தாலும் இடையில் இரண்டு தடவை எழுந்து, நாலு மணிக்கு அலாரம். இதில் வெள்ளிக்கிழமை பட்டினி வேறு. இப்படி ஒன்றரை வருடம் இருந்தால் எந்த உடம்புக்கும் ஏசி சத்தம் மட்டும்தான் கேட்கும். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கியபோது தூதன் வந்து பாவத்தை ஆராயச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினான். தூதன் மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தான். கர்த்தர் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்.

ஆகவே அலாரத்தை எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாப்பிடுங்கள், ஒரு வருடத்துக்காவது. ராத்திரி மாமியார் எழுப்பியதும் சுவிட்சைப் போடும்போது "ஆண்டவரே" என்று ஒருதரம் சொல்லுங்கள், அவ்வளவு போதும். பிறகு அவருடைய கையைத் தோளில் போட்டு நடத்திக்கொண்டு போங்கள். ஒன்றும் தோன்றாது. இடுப்பு வலிக்கும்.

பேச்சு போனபிறகும் பாட்டு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஸ்ட்ரோக்கில் அப்படிச் சிலருக்கு நடப்பதுண்டு, மூளையில் பேச்சுக்கும் பாட்டுக்கும் முழுக்க ஒரே வழி இல்லை. ஆனால் அது எந்தப் பாட்டு என்று எழுதவில்லையே? கீர்த்தனையா, பாமாலையா? முதல் வரியிலேயே நின்றுவிடுகிறாரா, இல்லை சரணம்வரை போகிறாரா? நீங்களும் கூடப் பாடினால் என்ன செய்கிறார்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.