கயிற்றுக்கு ஒரு தனி அத்தியாயம்

அன்புள்ள சார்,

உங்கள் உரையைக் கேட்டுவிட்டுத்தான் ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலை வாங்கினேன். முதல் இருபது அத்தியாயங்கள் ஓடியதே தெரியவில்லை. விடுதியில் கதைசொல்லி இஷ்மேலும் முன்பின் தெரியாத ஈட்டிக்காரன் குவீக்வெக்கும் ஒரே கட்டிலில் படுக்க நேர்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கப்பல் கிளம்பியது, கதை நின்றுவிட்டது. திமிங்கலத்தில் எத்தனை வகை என்று வகுப்பெடுக்கும் 32ஆம் அத்தியாயத்தில் மூன்று வாரமாகக் கிடக்கிறேன். புரட்டிப் பார்த்தால் அப்புறமும் தலை, வால், எலும்பு, எண்ணெய் என்றே போகிறது. கயிற்றுக்குக்கூட ஒரு தனி அத்தியாயம்! 1956இல் ஜான் ஹூஸ்டன் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டதால் முடிவும் தெரியும்: கப்பல் தலைவன் ஆகாப், தான் துரத்திய மோபி டிக் என்ற திமிங்கலத்தின் உடம்பிலேயே கயிறுகளில் சிக்கிச் சாகிறான். திமிங்கலப் பாடங்களை விட்டுவிட்டுக் கதையை மட்டும் படித்தால் குற்றமா? அந்தக் காலத்தில் ஒரு நல்ல எடிட்டர் இருந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குற்றமெல்லாம் இல்லை. 32ஐத் தாண்டிவிடுங்கள், நானே முதல்முறை அதில் தூங்கிப்போனவன். திமிங்கலங்களை ஃபோலியோ, ஆக்டேவோ, டியோடெசிமோ என்று புத்தக அளவுகளாகப் பிரித்து வைப்பது மெல்வில்லின் குசும்பு. திமிங்கலம் மீன்தான் என்று வேறு இஷ்மேல் அடித்துச் சொல்வான். இதெல்லாம் கிண்டல் என்று எனக்கு உறைத்தது இரண்டாம் வாசிப்பில்தான்.

ஆனால் அந்தக் கயிற்றை விட்டுவிடாதீர்கள்.

60ஆம் அத்தியாயம், நாலைந்து பக்கம் இருந்தால் அதிகம். முக்கால் அங்குலம்கூடத் தடிமன் இல்லாத கயிறு, 51 இழை, இழைக்கு 120 பவுண்டு தாங்கும், நீளம் 200 பாகத்துக்கும் மேல் (நம் கடற்கரையில் இன்னும் பாகக் கணக்கு சொல்வார்கள், ஒரு பாகம் ஆறடி). படகின் பின்பக்கத் தொட்டியில் சுருட்டி வைத்திருக்கும் கயிறு அங்கே ஒரு கட்டையைச் சுற்றிக்கொண்டு, துடுப்புப் போடுகிற ஒவ்வொருவனின் மணிக்கட்டுக்குப் பக்கத்திலும் உரசியபடி முன்னால் ஈட்டிவரை போகிறது. ஈட்டி பாய்ந்து திமிங்கலம் ஓட ஆரம்பித்தால் அத்தனை கயிறும் படகுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் சீறிக்கொண்டு ஓடும், சூட்டில் புகையும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுருணையில் ஒரு முறுக்கு இருந்தால் போதும், யாருடைய கையோ காலோ போய்விடும். கரையில் இருக்கிறவன் கண்ணுக்கு அவர்கள் பாம்புகளை உடம்பில் சுற்றிக்கொண்ட இந்திய வித்தைக்காரர்கள் மாதிரித் தெரிவார்கள் என்கிறான் இஷ்மேல். அதை மெல்வில் வெறும் கற்பனையில் எழுதவில்லை. 1841 ஜனவரியில், 21 வயதில், ‘அகுஷ்னெட்’ என்ற திமிங்கல வேட்டைக் கப்பலில் கூலிக்குப் போனவர். ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு மார்க்கெசஸ் தீவுகளில் இறங்கி ஓடிப்போனார்.

இந்தப் பக்கங்களைப் படித்தவனுக்கு அதற்கப்புறம் படகு இறங்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும். 93ஆம் அத்தியாயத்தில் பிப் என்ற பையன் பயத்தில் படகிலிருந்து குதிக்கிறான், கயிறு கழுத்தைச் சுற்றிவிடுகிறது. ‘வெட்டவா?’ என்று கேட்டுக்கொண்டு கத்தியோடு ஒருவன் நிற்கிறான். வெட்டினால் திமிங்கலம் போய்விடும், வெட்டாவிட்டால் பையன் போய்விடுவான். அந்த அரை நிமிஷத்தை 60ஐப் படிக்காமல் கடந்தால் உங்களுக்கு அது வெறும் சம்பவம்.

முடிவு தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, தெரியாது. படத்தில் பார்த்த அந்தச் சாவு நாவலில் ஆகாபின் படகு ஈட்டிக்காரன் ஃபெடல்லாவுக்கு நேர்வது. அவனுடைய பிணம்தான் கயிறுகளால் திமிங்கலத்தோடு கட்டுண்டு மேலே வருகிறது. ஆகாபுக்கு மெல்வில் தருவது ஒரே ஒரு வாக்கியம். ஓடுகிற கயிறு சிக்கிக்கொள்கிறது, அவன் குனிந்து எடுத்துவிடப் பார்க்கிறான், எடுத்தும் விடுகிறான், ஆனால் ஒரு சுற்று கழுத்தில் விழுகிறது. ஆள் போனதே படகில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அத்தனை பக்கம் கர்ஜித்தவனுக்குக் கயிறு கழுத்தில் விழுந்தபின் ஒரு வசனம்கூடக் கிடையாது. அங்கே நின்று கயிறு எப்படிப் போகிறது, எங்கே சிக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தால் காட்சி செத்திருக்கும். அதை எழுபத்தைந்து அத்தியாயங்களுக்கு முன்பே, நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, சொல்லி முடித்துவிட்டார். படத்துக்கு அந்த வசதி இல்லை, அதனால் ஃபெடல்லாவின் சாவை எடுத்து ஆகாபுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாத் திமிங்கலப் பாடங்களும் இப்படிக் கணக்குத் தீர்க்கின்றன என்று சத்தியம் செய்ய மாட்டேன். எலும்பை அளக்கிற பக்கங்களை இன்றும் வேகமாகத்தான் புரட்டுகிறேன்.

எடிட்டர் விஷயம். வெட்டத்தான் செய்தார்கள். 1851 அக்டோபரில் லண்டனில் ‘தி வேல்’ (திமிங்கலம்) என்ற பெயரில் மூன்று பாகமாக முதலில் வந்தது. மதத்தையும் மன்னர்களையும் சீண்டுகிற இடங்களை எடுத்துவிட்டார்கள். எப்படியோ கடைசிப் பக்கமான பின்னுரையும் அதில் விடுபட்டது. யார் பிழைத்தான் என்று சொல்வதே அந்தப் பக்கம்தான். கப்பலோடு எல்லோரும் மூழ்கிவிட்டால் இந்தக் கதையை யார் சொல்கிறார் என்று அங்கே விமர்சகர்கள் பிடிபிடியென்று பிடித்தார்கள். அடுத்த மாதம் நியூயார்க்கில் வந்த பதிப்பில் பின்னுரை இருந்தது. அங்கும் பெரிதாக விற்கவில்லை என்பது வேறு கதை.

உங்கள் பிரதியில் அந்தப் பக்கம் இருக்கும். இப்போதே புரட்டிப் பார்த்துவிடாதீர்கள்.