முக்கால் பாட்டில் தண்ணீர் ஊற்றினால் ராக்கெட் ஏறாது

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் இயற்பியல் ப்ராஜெக்ட், தண்ணீர் ராக்கெட். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பில் காற்றடித்து விட்டோம். தென்னை மர உயரம்கூடப் போகவில்லை, குட்டிக்கரணம் போட்டு விழுந்துவிட்டது. தண்ணீர் அதிகம் இருந்தால் உந்துதலும் அதிகம்தானே?
- ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: அங்கேதான் சிக்கல். ராக்கெட்டைத் தள்ளும் சக்தி தண்ணீரில் இல்லை, நீங்கள் அடித்து அடைத்த காற்றில் இருக்கிறது. முக்கால் பங்கைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் காற்றுக்கு மிஞ்சுவது அரை லிட்டர் இடம், தண்ணீர் வெளியேற வெளியேற அந்தக் கொஞ்சம் காற்றும் விரிந்து அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும், மிச்சத் தண்ணீரைச் சுமந்துகொண்டே ராக்கெட் கீழே வரும். அப்படியானால் தண்ணீரே வேண்டாமே என்று மகள் கேட்பாள், கேட்கட்டும். தண்ணீர் சாதாரணக் காற்றைப் போல ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. கனமான பொருளைப் பின்னால் வீசினால்தான் எதிர்விசை நன்றாகக் கிடைக்கும், நியூட்டனின் மூன்றாம் விதி வேலை செய்வது இங்கேதான். கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஊற்றிப் பாருங்கள். அளவை மாற்றி மாற்றி விட்டு, உயரத்தை வரைபடமாகப் போட்டால் ப்ராஜெக்டில் பாதி முடிந்தது.

குட்டிக்கரணத்துக்குக் காரணம் வேறு. எடை முன்னால் இருக்க வேண்டும், இறக்கைகள் பின்னால். மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்து டேப் ஒட்டுங்கள். பிறகு தண்ணீர் இல்லாமல் (மேலே போகும்போது அது காலிதானே) ராக்கெட் சமநிலையில் நிற்கும் இடத்தில் நூல் கட்டி, தலைக்கு மேலே சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் போனால் சரி, தாறுமாறாகத் திரும்பினால் இன்னும் எடை வேண்டும், அல்லது இறக்கை பெரிதாக வேண்டும்.

உயரம் அளக்க, 30 மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியில் நூலும் ஒரு நட்டும் தொங்கவிட்டு உச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோணம் 45 டிகிரி வந்தால் 30 மீட்டரோடு கண் உயரத்தையும் கூட்டினால் போதும், மற்ற கோணங்களுக்கு டேன் (tan) அட்டவணையில் அந்தக் கோணத்தின் மதிப்பைப் பார்த்து 30 மீட்டரோடு பெருக்கி, கண் உயரத்தைக் கூட்டுங்கள்.

அப்புறம், குடிநீர் பாட்டிலில் மட்டும் இதைச் செய்யவே வேண்டாம், அது அழுத்தம் தாங்கச் செய்ததில்லை. கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் கீறலோ மடிப்போ விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். ஹாட் க்ளூ கன் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் அந்தச் சூடு பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், அதனால் இறக்கைக்கும் டேப்பே போதும். அழுத்தமானி உள்ள பம்பாக வாங்கி, 50, 60 பிஎஸ்ஐயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீளமான டியூப், இழுத்துவிட நீளமான கயிறு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, எல்லாரும் தள்ளி. காற்றடித்த பிறகு பாட்டில் வாயை அடைத்திருக்கும் கார்க் கழலவில்லையே என்று யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, முதலில் பம்புப் பக்கமாகக் காற்றை இறக்குங்கள்.