மூன்றாவது கியரில் இழுவை விடும் டபிள்யூஆர்எக்ஸ்

கேள்வி: என் கார் 1999ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ். மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால், இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றைத் தாண்டும்போது இழுவை விட்டு விட்டு வருகிறது. நண்பர் மூலம் அறிமுகமான ஒருவர் பெட்ரோல் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் அழுத்தத்தைத் திருகி மாற்றக்கூடிய பிரஷர் ரெகுலேட்டர், கார் கணினியின் அமைப்பை மாற்றி எழுதும் ரீமேப் எல்லாம் சேர்த்து 4,200 வெள்ளி என்கிறார். போன மாதம்தான் வருடாந்திரச் சோதனையில் தேறியது. செய்யலாமா? — ஈசூன் வாசகர், சிங்கப்பூர்

பதில்: இப்போதைக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். எந்தச் சாலையில் 5000 சுற்றுக்கு ஏற்றினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் காரணம் தெரியும்வரை மறுபடி அப்படி மிதிக்க வேண்டாம். டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது பெட்ரோல் குறைந்தால் உள்ளே வெடிப்பு தாறுமாறாகி, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். அதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் 4,200 வெள்ளி சில்லறைக் காசு.

சோதனையில் தேறியதை நம்பி இருக்காதீர்கள். அங்கே கார் நின்றபடி ஓடும்போதுதான் புகையை அளக்கிறார்கள், முழுதாக மிதித்தால் என்ன நடக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. பத்து வயது தாண்டிய காரை ஆண்டுக்கொரு முறை கூப்பிடுகிறார்கள், பதினான்கு தாண்டினால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதலாக வாங்குகிறார்கள். வாங்குகிற காசுக்கு உருப்படியாக ஒன்றைப் பார்த்துச் சொல்லக்கூடாதா என்று எனக்கு எரிச்சல் வருவதுண்டு. சரி, விடுங்கள்.

உங்கள் காரில் இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம் சுமார் 3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). டர்போ 1 பார் ஊதினால், இது 4 பாராக ஏறியாக வேண்டும். ஊதிய பலூனுக்குள் சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள், உள்ளிருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளும், அதே கதைதான். பெட்ரோல் குழாயில் ஒரு மீட்டர் மாட்டி, காரை உருளைமேல் நிறுத்தி ஓட்டும் டைனோவில் ஓட்டினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். காற்றோடு சேர்ந்து அழுத்தமும் ஏறினால் பம்ப் நல்லது, தீப்பொறி தரும் பிளக், காயில் பக்கம் பாருங்கள். ஏறாமல் சரிந்தால் ஃபில்டர், பம்ப், அல்லது பம்புக்குப் போகும் ஒயர்.

பழைய கார்களில் நான் அதிகம் பார்ப்பது கடைசி இரண்டும்தான். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் காட்டும்; டேங்கில் பம்புக்கு மேலிருக்கும் மூடியைத் திறந்து (பெட்ரோல் ஊற்றும் மூடி அல்ல) பம்பின் இணைப்பிலேயே அளந்தால் 11 சொச்சம்தான் வரும். இருபத்தைந்து வருட ஒயரும் துருப்பிடித்த எர்த்தும் மீதியைத் தின்றுவிடும். வோல்ட் குறைந்தால் பம்ப் சோம்பிவிடும். புது ஒயர், ஒரு ரிலே, முடிந்தது வேலை. ஃபில்டர் உங்கள் காரில் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு காரில் கழற்றிக் கவிழ்த்தேன். வந்தது பெட்ரோல் நிறமில்லை, பால் கலக்காத கோப்பி-ஓ நிறம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். உங்களுக்கு முந்தைய சொந்தக்காரர், 'புஸ்' என்ற சத்தத்துக்கு ஆசைப்பட்டு, காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வ் மாட்டியிருக்கலாம். உங்கள் கார் உள்ளே வரும் காற்றை முதலிலேயே அளந்துவிடுகிறது. அளந்த காற்று வெளியே போய்விட்டாலும், கணினி அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். அப்போது கியர் மாற்றக் காலை எடுக்கும் நேரத்தில் கரும்புகை வரும், கார் தடுமாறும். அதாவது மிதித்திருக்கும்போது அல்ல, காலை எடுக்கும்போது. உங்களுக்கு வருவது மிதிக்கும்போது என்பதால் இது அல்ல என்றே நினைக்கிறேன். ஆனாலும் போனட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் காற்றைத் திரும்ப உள்ளே விடும் பழைய வால்வே போதும், இன்ஜெக்டரும் வேண்டாம், ரீமேப்பும் வேண்டாம்.

இனி அந்த அறிமுகமானவர். காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் நல்ல பட்டறைகள் உண்டு, அவற்றின் வாசலில் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்களும் உண்டு. இவர்கள் ஆயுதம் ஒரு ஸ்குரூடிரைவர். ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுவார்கள், இரண்டு நாள் கார் பறப்பது போலிருக்கும். அழுத்தம் கூடக்கூட பம்ப் தள்ளும் அளவு குறையும் என்பதைச் சொல்லமாட்டார்கள். ஏற்கெனவே தளர்ந்த பம்பாக இருந்தால் உச்சத்தில் இன்னும் சீக்கிரம் வற்றும். பிறகு 'பம்பும் மாத்தணும் பாஸ்' என்பார்கள். மாட்டுவது பெயர்பெற்ற வால்ப்ரோ பம்பின் போலியாக இருக்கும், சந்தையில் அது ஏராளம்.

ரீமேப் உண்மையிலேயே தேவைப்பட்டால், இங்கே நீங்கள் போடும் 98 ஆக்டேன் பெட்ரோலை வைத்தே செய்யுங்கள். ஜொகூரில் 97 ஊற்றுகிற பழக்கம் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். எக்ஸாஸ்ட்டையும் மாற்றலாம் என்று அவர் ஆசை காட்டினால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) அனுமதிக் காகிதத்தைக் கையில் கேளுங்கள்.

முதல் வேலை: டர்போ முழுதாக ஊதும்போது பெட்ரோல் அழுத்தம் எத்தனை பார், பம்பில் எத்தனை வோல்ட் என்று இரண்டு எண்களை அவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். 'அதெல்லாம் எனக்குச் சத்தத்திலேயே தெரியும்' என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.