பம்ப்-ப்ரோப் சோதனையில் (பம்ப் என்ற லேசர் துடிப்பு மூலக்கூறைத் தூண்டும், சற்றுத் தாமதமாக வரும் ப்ரோப் துடிப்பு அதன் நிலையை அளக்கும்) சிக்னல் 1 நானோ வினாடி வரை மெல்லக் குறைகிறது. வினை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இப்போதைக்கு வேண்டாம். 1 கிலோஹெர்ட்ஸ் டைட்டானியம்-சஃபையர் லேசர், நீளமான டிலே ஸ்டேஜ் (கண்ணாடிகளைத் தண்டவாளத்தில் நகர்த்தி, ஒரு கற்றையின் பாதையை நீட்டித் தாமதத்தை உண்டாக்கும் மேடை), வெள்ளொளி ப்ரோப் என்றுதான் உங்கள் மேஜையும் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் சந்தேகம் மூலக்கூறின் மேல் அல்ல, ஸ்டேஜின் மேல் வரட்டும்.

ஸ்டேஜ் 1 மைக்ரான் நகர்ந்தால் ஒளியின் பாதை 2 மைக்ரான் நீளும். அது சுமார் 6.7 ஃபெம்டோ வினாடித் தாமதம் (ஒரு ஃபெம்டோ வினாடி, நானோ வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 1 நானோ வினாடிக்கு 15 செ.மீ. ஓட வேண்டும். கற்றை தண்டவாளத்துக்கு இணையாக இல்லையென்றால், அந்த 15 செ.மீ.க்குள் சாம்பிளில் விழும் புள்ளி நகர்ந்துவிடும். பம்பும் ப்ரோப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது குறைய, சிக்னலும் குறையும். வரைபடத்தில் அச்சு அசல் வினை மாதிரியே இருக்கும். எக்ஸ்பொனென்ஷியல்கூட அழகாகப் பொருந்தித் தொலைக்கும்!

குவெட்டை (சாம்பிள் இருக்கும் கண்ணாடிக் குப்பி) எடுத்துவிட்டு அதே இடத்தில் 50 மைக்ரான் பின்ஹோல் (நுண்துளை), அதன் பின்னால் ஒளியை அளக்கும் ஒரு ஃபோட்டோடையோடு வையுங்கள். ஸ்டேஜ் வழியாக வரும் கற்றையை மட்டும் அதில் விழவிட்டு, ஸ்டேஜைக் கடைசிவரை ஓட்டுங்கள். அளவு ஆடினால் ஸ்டேஜுக்கு முன்னால் உள்ள கண்ணாடிகளைத் திருத்துங்கள். பின்னால் உள்ளவற்றைத் திருகிப் பயனில்லை. பம்ப் புள்ளி ப்ரோப்பைவிட இரண்டு, மூன்று மடங்கு அகலமாக இருந்தால் மிச்சப் பிசகைத் தாங்கும். 'எங்களுடையது கம்பெனியே அலைன் செய்து கொடுத்தது' என்று யாராவது வருவார்கள். கொடுத்த அன்று சரியாகத்தான் இருந்திருக்கும். அறையின் வெப்பநிலை மாறாமலா இருக்கிறது?

அடுத்து பம்ப் ஆற்றலைப் பாதியாக்குங்கள். சிக்னலும் பாதியாக வேண்டும், குறையும் வேகம் மாறக்கூடாது. இரண்டு கற்றைகளின் போலரைசேஷனுக்கு (ஒளி அதிரும் திசை) இடையே 54.7 டிகிரி வையுங்கள், இல்லாவிட்டால் மூலக்கூறு சும்மா சுழல்வதே வினையாகத் தெரியும்.

இதனால்தான் 'மூலக்கூறைக் கேமராவில் படம்பிடித்தார்கள்' என்ற செய்திகளைக் கண்டால் எரிச்சல் வருகிறது. ஒரே மூலக்கூறை யாரும் தொடர்ந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு தாமதத்துக்கும் புது மூலக்கூறுகள், ஆயிரக்கணக்கான துடிப்புகளின் சராசரி. வேதியியலாளர் அகமது ஸெவைல் குழு 1987-இல் அயோடின் சயனைடு சுமார் 200 ஃபெம்டோ வினாடியில் உடைவதைக் கண்டதும் இப்படித் தாமதத்தை மாற்றி மாற்றி அளந்துதான்.

கடைசியாக, வெறும் கரைப்பானை ஊற்றி அதே அமைப்பில் ஒரு ஓட்டம் எடுங்கள். பூஜ்ய நேரத்தை (இரண்டு துடிப்புகளும் ஒன்றாக வந்து சேரும் கணம்) ஒட்டி அதிலும் ஒரு மேடு வரும். உங்கள் சாம்பிளில் அந்த அகலத்துக்குள் வரும் எதற்கும் அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்.