ஆப் தேடிக்கொண்டே இருக்கிறது, சர்வர் அலமாரியில்தான் இருக்கிறது

கேள்வி: வீட்டுப் படங்கள், வீடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. போன வாரம் வீட்டுக்குப் புது ரூட்டர் வாங்கி மாட்டினோம். அதிலிருந்து என் போனில் ஆப்பைத் திறந்தால் ‘சர்வரைத் தேடுகிறது’ என்று வட்டம் சுற்றுகிறது, அப்புறம் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்கிறது. டிவியில் படம் ஓடுகிறது. மகளுடைய போனிலும் பிரச்சினை இல்லை. பெட்டியை விற்றவர், ‘நெட்வொர்க் போர்டு போயிருக்கும், சர்வீஸுக்குக் கொடுங்கள்’ என்கிறார். ரூட்டர் விற்றவர், ‘இதைவிடப் பெரிய மாடல் போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் விடுங்கள். டிவியில் ஓடுகிறது, மகள் போனில் திறக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். போர்டு போன பெட்டி ஆள் பார்த்து வேலை செய்யாது.

‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற அந்த வாசகம்தான் எல்லோரையும் குழப்புகிறது. ஆப் தேடுவது ஒரு வேலை, இணைவது வேறு வேலை. தேடும்போது அது செய்வதெல்லாம், வாசலில் நின்று ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று குரல் கொடுப்பதுதான். அந்தக் குரலுக்கென்றே 224.0.0.251 என்ற பொது முகவரியும் 5353 என்ற போர்ட் எண்ணும் (முகவரியில் எந்தக் கதவு என்று சொல்லும் எண்) ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இதற்கு எம்டிஎன்எஸ் என்று பெயர். பெட்டியின் காதில் விழுந்தால் ‘நான் இங்கே இருக்கிறேன், என் முகவரி இது’ என்று பதில் வரும். ஆனால் இந்தக் குரல் ஒரு நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டாது. போன் ஒரு நெட்வொர்க்கிலும் பெட்டி இன்னொன்றிலும் இருந்தால் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. போனே ஆப்பின் வாயைப் பொத்தி வைத்திருந்தாலும் கேட்காது. பெட்டி நிஜமாகவே செத்துப்போயிருந்தாலும் இதே வாசகம்தான் வரும்.

அதனால் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டு நேரே போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள். பெட்டியின் ஐ.பி. முகவரி வேண்டும். புது ரூட்டரின் பக்கத்தில் ‘இணைந்துள்ள சாதனங்கள்’ பட்டியலில் இருக்கும். மகள் போனில் அதே ஆப்பின் செட்டிங்ஸிலும் பெரும்பாலும் கிடைக்கும். 192.168.0.20 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் போனின் பிரவுசரில் அந்த முகவரி, ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் போர்ட் எண்ணைத் தட்டுங்கள். போர்ட் எண் மென்பொருளைப் பொறுத்தது: வீடியோ சர்வர் மென்பொருள்களில் ஜெல்லிஃபின் என்றால் 8096, பிளெக்ஸ் என்றால் 32400, வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் என்றால் 8123, சினாலஜி பெட்டியின் நிர்வாகப் பக்கம் 5000. ஐபோன் வைத்திருந்தால் இந்தச் சோதனையை சஃபாரியிலேயே செய்யுங்கள், வேறு பிரவுசரில் வேண்டாம். காரணம் அடுத்த பத்தியில்.

பக்கம் திறந்துவிட்டதா? அப்படியென்றால் பெட்டி, ரூட்டர், வைஃபை மூன்றும் நன்றாக இருக்கின்றன, குறை பெரும்பாலும் ஆப்பில் அல்லது ஆப்புக்குப் போன் கொடுத்திருக்கும் அனுமதியில். ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்ற சாதனங்களோடு பேச ஒவ்வொரு ஆப்பும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். முதல்முறை திறக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டால் அந்த ஆப் மறுபடி கேட்காது. ஆப்புக்குள் ஐ.பி. எண்ணை நேரே தட்டினாலும் போகாது. சஃபாரிக்கு மட்டும் இந்தக் கட்டு கிடையாது. நானே ஒருமுறை இப்படித் தட்டிவிட்டு இரண்டு மாலைகளை வீணடித்திருக்கிறேன். பெட்டியை அழித்து முதலிலிருந்து அமைக்கக்கூட உட்கார்ந்துவிட்டேன், பேக்கப் இல்லாததால் கை நின்றது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் லோக்கல் நெட்வொர்க் என்ற பட்டியலில் ஆப்பின் பெயருக்கு எதிரே உள்ள பொத்தானைப் பச்சையாக்கினேன். மூன்று வினாடியில் சர்வர் வந்து நின்றது.

பக்கம் திறக்கவில்லையா? போனின் வைஃபை விவரத்தில் போனுக்குக் கிடைத்திருக்கும் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். சாதாரண வீட்டு ரூட்டரில் முதல் மூன்று எண்கள் பெட்டியின் எண்களோடு பொருந்த வேண்டும். பெட்டி 192.168.0.20, போன் 192.168.1.35 என்றால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். உங்கள் வீட்டில் இதுதான் நடந்திருக்கிறது என்பது என் ஊகம். புது ரூட்டர் வாங்கினீர்கள், ஆனால் இணைய நிறுவனம் தந்த பழைய பெட்டியைக் கழற்றியிருக்க முடியாது, அது வழியாகத்தான் இணையம் வருகிறது. அதுவும் தன் பழைய வைஃபை பெயரை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். மகள் போனைப் புதியதில் சேர்த்திருப்பார்கள், உங்கள் போன் பழைய பாசத்தில் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் இணையம் வருவதால் வித்தியாசமே தெரியாது, இந்த ஆப்பைத் திறக்கும்போது மட்டும்தான் குட்டு வெளிப்படும்.

போனில் பழைய பெயரை ‘மறந்துவிடு’ கொடுத்துவிட்டுப் புதியதில் சேருங்கள். அப்படியே பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள், அல்லது புது ரூட்டரை, தனி நெட்வொர்க் போடாமல் வைஃபை மட்டும் தரும் ‘அக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுங்கள். இரண்டாவது வழியில் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். நான் அதையே செய்வேன். மாற்றிய பிறகு நாஸ் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், அப்போதுதான் புது முகவரி வாங்கும்.

எண்கள் பொருந்தியும் திறக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு இடம் பாக்கி. போனில் விபிஎன், அதாவது போனின் போக்குவரத்தை வேறு பாதையில் திருப்பிவிடும் வசதி ஓடுகிறதா என்று பாருங்கள். விளம்பரத் தடுப்பு ஆப்கள் பலவும் உள்ளுக்குள் விபிஎன்தான். அடுத்தது கெஸ்ட் வைஃபை. விருந்தாளிகள் வீட்டுச் சாதனங்களைத் தொடக்கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது, உங்களையும் விருந்தாளியாகத்தான் நடத்தும். சில ரூட்டர்களில் முதன்மை வைஃபையிலேயே ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற பொத்தான் இருக்கும். அது பச்சையாக இருந்தால் வைஃபையில் உள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று பேச முடியாது.

சர்வீஸுக்கு எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எந்தச் சாதனத்திலிருந்தும், எண்ணைத் தட்டியும் பக்கம் திறக்காத நாள் வந்தால் அப்போது யோசிக்கலாம்.

கேள்வி: எனக்கு வீட்டில் எல்லாம் சரி. வெளியே போய் மொபைல் டேட்டாவில் திறந்தால்தான் சர்வர் காணவில்லை. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்ட் செய்தும் பலன் இல்லை. இணைய நிறுவனத்தில் ஸ்டேடிக் ஐ.பி. (மாறாத முகவரி) வாங்கச் சொல்கிறார்கள், மாதாமாதம் கட்டணம். தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. போர்ட் ஃபார்வர்ட் என்பது வெளியிலிருந்து வருபவரை ரூட்டர் உள்ளே சர்வரிடம் அனுப்பும் ஏற்பாடு. அது ஏன் பலிக்கவில்லை என்று முதலில் பாருங்கள். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வான்’ (WAN) முகவரி என்று ஒன்று இருக்கும், அது ரூட்டரின் வெளிப்பக்க முகவரி. ‘என் ஐ.பி. என்ன’ என்று காட்டும் ஏதாவதொரு இணையதளத்தை வீட்டிலிருந்து திறந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறு வேறாக இருந்தால் உங்களுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் இன்னொரு ரூட்டர் உட்கார்ந்திருக்கிறது. வான் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது நிறுவனத்தின் ரூட்டர். பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், போதவில்லை. அதனால் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அடுக்குமாடிக்கு ஒரே தபால் பெட்டி வைத்த மாதிரி. உங்கள் வீட்டு ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருபவர் கீழ்தளத்தோடு திரும்பிவிடுவார்.

பங்கீடு இல்லாத முகவரியே கிடைத்தாலும் நாஸ் பெட்டியின் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல், இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. குடும்பப் படங்களை வைத்து அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைப் பெட்டியிலும் போனிலும் போடுங்கள். வயர்கார்ட் என்ற விபிஎன் முறையில் இரண்டுக்கும் நடுவே ஒரு தனிப் பாதை போட்டுத் தரும். போர்ட் திறக்க வேண்டாம், பங்கிட்ட முகவரியிலும் வேலை செய்யும், வீட்டு உபயோகத்துக்கு அதன் இலவசத் திட்டம் போதும். ஆப்பில் சர்வர் முகவரியாக அது தரும் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதுவும் 100 என்றுதான் தொடங்கும், குழம்பிவிடாதீர்கள்.

நீங்கள் பயன்படுத்துவது பிளெக்ஸ் என்றால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 2025 ஏப்ரல் 29 முதல், வீட்டுக்கு வெளியிலிருந்து சொந்த சர்வரின் வீடியோவைப் பார்ப்பதைக் கட்டணச் சேவையாக்கிவிட்டார்கள். சர்வர் வைத்திருப்பவரிடம் பிளெக்ஸ் பாஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் அதற்கான தனிப் பாஸ் வாங்க வேண்டும். ரூட்டரைக் குடைந்து அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: எனக்கு நேர்மாறு. வெளியே திறக்கிறது, வீட்டு வைஃபைக்குள் வந்தால் போய்விடுகிறது.

பதில்: ஆப்பில் வெளி முகவரியை மட்டும் கொடுத்திருப்பீர்கள். வீட்டுக்குள்ளிருந்தே வெளி முகவரியைக் கேட்டால், அதை மறுபடி உள்ளே திருப்பிவிடும் வித்தை எல்லா ரூட்டருக்கும் தெரியாது. உள் முகவரி, வெளி முகவரி இரண்டையும் கொடுக்க ஆப்பில் இடம் இருந்தால் பிரச்சினை முடிந்தது. ஹோம் அசிஸ்டன்ட் ஆப்பில் இருக்கிறது: வைஃபை பெயரைப் பார்த்து அதுவே மாற்றிக்கொள்ளும். ஆனால் ஆண்ட்ராய்டில் வைஃபை பெயரைத் தெரிந்துகொள்ளவே இருப்பிட அனுமதி வேண்டும். ‘வீட்டு ஆப்புக்கு என் இருப்பிடம் எதற்கு’ என்று மறுத்திருந்தால் அங்கேதான் சிக்கல்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரையே மீடியா சர்வராக வைத்திருக்கிறேன். நான்கைந்து நாள் நன்றாக ஓடும், திடீரென்று ஆப் சர்வரைத் தொலைத்துவிடும். நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் வருகிறது.

பதில்: முகவரி மாறுகிறது. ரூட்டர் முகவரியை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்தாலோ கம்ப்யூட்டர் வெகுநேரம் தூங்கினாலோ வேறொன்று கிடைக்கலாம், ஆப் பழைய வீட்டு வாசலிலேயே நிற்கும். ரூட்டரில் ‘டிஹெச்சிபி ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். தூங்கும் நேரத்தையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் என்றால் அந்த நெட்வொர்க் ‘பிரைவேட்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘பப்ளிக்’ என்றிருந்தால் கம்ப்யூட்டர் தன்னை மற்ற சாதனங்களுக்குக் காட்டிக்கொள்ளாது.

கேள்வி: இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. இப்போதுதான் முதல் நாஸ் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: டிஸ்க் அளவையும் வேகத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆப் சர்வரை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. சில பெட்டிகளின் ஆப், பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியைத் தேடக்கூட முதலில் தயாரிப்பாளரின் சர்வருக்குப் போய் லாகின் செய்துவிட்டுத்தான் வரும். அந்த நிறுவனத்தின் சர்வர் படுத்தால் உங்கள் படங்களும் காணாமல் போகும். 2023 மார்ச் இறுதியில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்தது, அதன் மை கிளவுட் பெட்டிகளுக்கான சேவை ஏப்ரலில் பல நாள் நின்றது. டிஸ்க் வீட்டில் சுழன்றுகொண்டிருந்தது, ஆப்பில் ஒன்றும் வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஏப்ரலில், அதே வரிசையின் பழைய இயங்குதளப் பெட்டிகளுக்கு வெளியிலிருந்து அணுகும் வசதியை நிறுத்தியிருந்தார்கள். அதைவிட மோசம் ரெவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி: கூகுள் குழுமத்தின் நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கி, 2016 மே மாதத்தில் சேவையை மூடியது. பெட்டி ஒட்டுமொத்தமாகச் செயலிழந்தது.

ஆகவே வாங்குமுன் அதன் கையேட்டை இணையத்தில் தேடி மூன்றைப் பாருங்கள். நிறுவனக் கணக்கு இல்லாமல், பெட்டிக்குள்ளேயே ஒரு பயனர் பெயர் வைத்து லாகின் செய்ய முடியுமா? தேடல் பலிக்காவிட்டால் ஐ.பி. முகவரியைக் கையால் தட்ட ஆப்பில் இடம் உண்டா? எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் அப்டேட் தருவதாக எழுதியிருக்கிறார்கள்? மூன்றாவதற்குப் பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் கிடைக்கும். முதல் இரண்டுக்கும் ‘முடியாது’ என்று வந்தால் நான் வாங்க மாட்டேன், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

வாங்கிய பிறகு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு மாலை உட்கார்ந்து சோதித்துவிடுங்கள். வெளியிலிருந்து ரூட்டருக்குள் வரும் இணையக் கம்பியை மட்டும் பிடுங்குங்கள், ரூட்டரை அணைக்காதீர்கள். போனில் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். ஆப்பை முழுக்க மூடிவிட்டுத் திரும்பத் திறந்து, ஒரு படத்தைத் தட்டுங்கள். திறந்தால் கம்பியைச் செருகிவிட்டு டப்பாவைத் தூக்கிப் போடலாம். திறக்காவிட்டால் டப்பாவையும் பில்லையும் எடுத்து வையுங்கள்.